பொட்டி வராத படம்

ரோட்டுக்குக் குறுக்கே வெட்டிப் போட்ட புளியமரத்தில் ஏறி ஆடியவர்கள் நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்? கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரராகவும், தலைக்குச் சாயம் பூசலாமா விட்டுவிடலாமா என்று யோசிக்கிற வயதினராகவும் நீங்கள் இருந்தால் அந்தப் புரட்டாசி உங்களுக்கு மறந்திருக்காது. இடஒதுக்கீடு கேட்டு மறியல். பெரியவர்களுக்கு அது போராட்டம், போலீஸ், பயம். நமக்கோ பள்ளிக்கூடம் கிடையாது, பஸ் கிடையாது, ரோடு முழுக்க நம்முடையது. வெட்டின மரத்தின் பச்சை வாசனையில் லேசாகப் புளிப்பு கலந்திருக்கும். கையெட்டாத உயரத்தில் இருந்த புளியங்கொழுந்தெல்லாம் தரைக்கு வந்துவிட்டதால் நாக்கு கூசுகிற மட்டும் தின்றோம். எங்கள் ஊருக்கும் வடக்கனந்தலுக்கும் நடுவில், முன்னே ஒரு மரமும் பின்னே ஒரு மரமுமாக ஒரு பஸ் மாட்டிக்கொண்டு நின்றது. அதன் படியில் ஆடுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

எங்கள் அப்பா மரம் வெட்டியவர்களில் ஒருவர். சாயங்காலமானால் மரத்தை யாரும் இழுத்துப் போட்டுவிடாமல் காவல் காக்கப் போய்விடுவார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே அம்மாவிடம் சொல்வார்: "எத்தினி வருசமா வாய்விட்டு கேட்டுக்கினு இருக்கறோம். ஒருத்தனும் காதுல வாங்கல. அதான் மரத்த வெட்டிப் போட்டுட்டோம்."

நான் சொல்ல வந்தது மரத்தைப் பற்றி இல்லை. சித்தியைப் பற்றி.

சித்தி என் அம்மாவின் தங்கை. தாயும் தகப்பனும் இல்லாததால் எங்கள் வீட்டிலேயே வளர்ந்து, எங்கள் வீட்டிலிருந்தே நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவள். மாப்பிள்ளை வீட்டில் கிணறு, மோட்டார், கரும்பு எல்லாம் உண்டு. நல்ல இடம் என்று அப்பா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருந்தார். அந்த ஆடி மாதம் ஒருநாள் மத்தியானம் கையில் ஒரு மஞ்சள் பையோடு சித்தி திரும்பி வந்தாள். இடது மணிக்கட்டு வீங்கிப்போய் வளையல் ஏறாமல் இருந்தது.

"அடிக்கிறாருக்கா," என்று அம்மாவிடம் சொன்னாள். அப்பா வந்ததும் அவரிடமும் சொன்னாள். தாழ்ப்பாள் போட்டுவிட்டு மோட்டார் பெல்ட்டால் அடிக்கிறார் என்றாள்.

மறுநாளே சித்தப்பா வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. பேச்சு சர்க்கரைப் பாகு மாதிரி இருக்கும். "கெணத்தடியில வழுக்கி வுழுந்தா அண்ணே. இவளுக்குக் கத கட்ற புத்தின்னு ஒங்களுக்குத் தெரியாததா?"

அப்பா தலையாட்டினார். ஏனென்றால் அது அவருக்குத் தெரிந்ததுதான். ஊருக்கே தெரிந்தது.

சித்தி சின்ன வயதிலிருந்தே படக்கதை சொல்கிறவள். மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலைக் காட்டில், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து களையெடுப்பார்கள். வெயில் ஏறி முதுகு எரிகிறபோது யாராவது ஒருத்தி, "ஏ குட்டி, படக்கதய எடுத்து வுடு," என்பாள். சித்தி ஆரம்பித்துவிடுவாள். கை களையைப் பிடுங்கிக்கொண்டே இருக்கும். வாய் மட்டும் வேறு ஊரில், வேறு வீட்டில் இருக்கும். அவள் சொன்னால் மழை பெய்கிற இடத்தில் நமக்குக் குளிரும். களைக்கொத்தை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், அவள் எந்தக் கதையையும் உள்ளபடி சொல்லமாட்டாள். ஒருமுறை ஒரு படத்தில் போலீஸ் பிடித்துப்போகும் வில்லன், போகிற வழியில் தன் தாயார் வீட்டு வாசலில் நின்று ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவான் என்றாள். கொல்லையே கண்கலங்கியது. பிறகு அந்தப் படம் எங்கள் ஊர் சினிமா கொட்டாய்க்கு வந்தபோது பார்த்தால் அப்படி ஒரு இடமே இல்லை.

"தண்ணி குடிக்கிற எடம் எங்கடி?" என்று காலனியிலிருந்து களைக்கு வரும் அக்கா ஒருத்தி கேட்டாள்.

"நம்மூருக்கு வர்றதுக்குள்ள வெட்டிட்டாங்கக்கா," என்றாள் சித்தி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

"அத வெட்டிட்டு மிச்சத்த ஏன் வெச்சானுங்களோ," என்றாள் அந்த அக்கா.

எனக்கு அவள்தான் சினிமா, அவள்தான் புத்தகம், எல்லாம். கல்வராயன் மலை எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து தெரியும். "மல இன்னிக்கி முக்காடு போட்டுக்கினு உக்காந்துகீது, யார் மேலயோ கோவம்," என்பாள். அப்புறம் என்னைப் பார்த்து, "யார் மேலன்னு நீ சொல்லு," என்பாள். நான் ஏதாவது உளறுவேன். "ம், அப்பறம்?" என்பாள். நான் சொன்னதை ஒருவர் மேற்கொண்டு கேட்டது அதுதான் முதல் தடவை.

மறியல் சமயத்தில் கடையில் சாமான் தீர்ந்துபோனது. பருப்பு இல்லை, எண்ணெய் கம்மி. சித்தி வெறும் புளியைக் கரைத்து நாலு சின்ன வெங்காயம் தட்டிப் போட்டுவிட்டு, "சேலத்துல ஒரு பெரிய வூட்டுக் கல்யாணத்துல வெச்ச கொழம்பு இது. சமையக்காரரு யாருக்கும் சொல்லித் தரமாட்டேன்னுட்டாரு. நான் சன்னல் வழியா பாத்துக்கினு வந்தேன்," என்பாள். நாங்கள் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டோம். அப்பாகூட இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார். ஊற்றிக்கொண்டே, "வாயத் தொறந்தா பொய்," என்றார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் சித்தியின் வாழ்க்கை மாட்டிக்கொண்டிருந்தது. அவள் சொன்ன ஆயிரம் பொய்யையும் ரசித்தவர்கள், அவள் சொன்ன ஒரே உண்மையைப் பொய் என்றார்கள். பஞ்சாயத்துப் பேசி அவளைக் கூட்டிப்போக சித்தப்பா வீட்டில் நாள் குறித்துவிட்டார்கள். அனுப்பிவிடுவது என்று அப்பாவும் முடிவு செய்துவிட்டார். அப்போதுதான் ரோட்டில் மரம் விழுந்தது. நைனார்பாளையம் பக்கத்திலிருந்து வண்டி வர வழியில்லை. பஞ்சாயத்து தள்ளிப்போனது. பிள்ளைகளெல்லாம் மரத்தில் ஏறி ஆடும்போது சித்தியும் ஒருநாள் வந்து அடிமரத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஏதோ சாமி மரத்தைத் தொடுகிற மாதிரி தொட்டாள். எனக்கு அப்போது புரியவில்லை.

ஊருக்கு வெளியே சினிமா கொட்டாய் இருந்தது. கீற்றுக் கூரை, தரையில் மணல், முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடாக்கிக்கொள்வோம். ஆணுக்கு ஒரு பக்கம், பெண்ணுக்கு ஒரு பக்கம். அதிலும் ஊர்க்காரர்கள் முன்னாலும் காலனிக்காரர்கள் பின்னால் ஓரமாகவும் உட்காருவார்கள். அப்படி உட்காரச் சொல்லி எங்கேயும் எழுதிப் போடவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மலையிலிருந்து கடுக்காயும் தேனும் விற்க இறங்கி வருகிறவர்கள்கூட ஆட்டம் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்கள்.

மறியலுக்கு முந்தின நாள் புதுப்படத்தின் முதல் பொட்டி பஸ்ஸில் வந்துவிட்டது. இரண்டாவது பொட்டி கள்ளக்குறிச்சியிலேயே நின்றுவிட்டது. படச்சுருள் அப்படித்தான் பொட்டி பொட்டியாக வரும். கொட்டாய்க்காரர் சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு ஆளைச் சைக்கிளில் வயல்வழியாக அனுப்பிவிட்டு, அவன் இடைவேளைக்குள் வந்துவிடுவான் என்ற தைரியத்தில் முதல் ஆட்டத்துக்கு டிக்கெட் கொடுத்தார். வேறு போக்கில்லாத ஊர், மொத்தமாகத் திரண்டு வந்தது. சித்தி வரமாட்டேன் என்றாள். களையெடுக்கும் பெண்கள் கையைப் பிடித்து இழுத்துப்போனார்கள். அப்பா வழக்கம்போல மரத்தடிக் காவலில் இருந்தார்.

படம், அந்தக் காலத்தில் இரண்டுக்கு ஒரு படம் எப்படி இருக்குமோ அப்படி. புகுந்த வீட்டில் அடி, உதை. கதாநாயகி கொட்டுகிற மழையில் அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். கதவைத் தட்டுகிறாள். அண்ணன் கதவைத் திறந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இடைவேளை.

குழல்விளக்கு எரிந்தது. முறுக்குத் தட்டு வந்தது. சைக்கிளில் போன ஆளும் வந்தான், வெறுங்கையோடு. பொட்டி இருக்கிற அறையைப் பூட்டிவிட்டார்களாம்.

கொட்டாய்க்காரர் மைக்கில் விஷயத்தைச் சொன்னதும் ஒரே கூச்சல். மணல் பறந்தது. அன்று பகலெல்லாம் கோடாலி பிடித்த இளவட்டங்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். வேறு சில ஊர்களில் குடிசைகள் எரிந்த சேதி ஏற்கெனவே வந்திருந்தது. "கொட்டாயக் கொளுத்துடா!" என்று ஒரு குரல். பின்னால் ஓரத்தில் இருந்த காலனிப் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். நெருப்பு எங்கே பிடித்தாலும் கடைசியில் தங்கள் தெருவுக்கு வந்துசேரும் என்று அவர்களுக்குத் தெரியும். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

கொட்டாய்க்காரர் கெஞ்சினார்: "பெரியவங்களே, தாய்மாரே, இந்தப் படத்த வேற ஊர்ல பாத்தவங்க யாராச்சும் இருந்தா மிச்சக் கதையச் சொல்லிடுங்க. ஒங்க கால்ல வுழறேன்."

அப்போது பின்னாலிருந்து காலனி அக்காவின் குரல் வந்தது: "தோ, இந்தக் குட்டி பாத்துருக்குது! அவள வுடுங்க, அவ சொல்லுவா!"

சித்தி பார்க்கவில்லை. அவள் பார்க்கவில்லை என்று அந்த அக்காவுக்கும் தெரியும்.

பெண்கள் சித்தியைத் தள்ளிக்கொண்டுபோய் மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். அந்த மைக்கில் அதுவரை ஒரு பெண் பேசி நாங்கள் கேட்டதில்லை. ஆட்டத்துக்கு முன்னால் பாட்டுப் போடுகிற ஒலிபெருக்கிக் குழாய் வெளியே உயரக் கம்பத்தில் கட்டியிருந்தது. மைக்கில் பேசினாலும் அதில் மலையடிவாரம் வரை கேட்கும். அது அவளுக்கு நினைவிருந்ததா என்று எனக்குத் தெரியாது.

முதலில் மூச்சுச் சத்தம்தான் வந்தது. "சத்தமா சொல்லு!" என்று யாரோ கத்தினார்கள். அப்புறம் சித்தி ஆரம்பித்தாள்.

"அண்ணங்காரன் நிக்கிறான். மழ பேஞ்சிக்கினே இருக்குது. அவன் கேக்கறான், ஏன் வந்தேன்னு. இவ சொல்றா. அவங்க அடிக்கிறத யாரும் பாக்கல, ஏன்னா தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் அடிப்பாங்க. வெளிய வந்தா அதே மனுசன் சிரிச்சிப் பேசுவான். எல்லாரும் அந்தச் சிரிப்பத்தான் பாத்துருக்காங்க."

கூச்சல் அடங்கியது. எழுந்தவர்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள். காலனிக்காரர்கள் சிலர் ஊர்க்காரர்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"அவ சொல்றா, அண்ணா, நான் ஒன்னும் சொத்துல பங்கு கேட்டு வர்ல. நான் சொல்றத நம்பு. நம்பிட்டு வேணும்னா தொரத்திடு. நம்பாத வூட்டுல எனக்குச் சோறு எறங்காது."

"அப்பறம் இன்னா ஆச்சி?" இது முன்வரிசையில் இருந்த ஒரு இளவட்டம். கொளுத்தச் சொன்னது அவனாகக்கூட இருக்கலாம்.

மைக்கில் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல். பிறகு சித்தி சொன்னாள்: "உள்ளேருந்து அண்ணி, வாசல்ல யாருன்னு கேக்கறா. அண்ணன் சொல்றான், நம்ம பொண்ணு வந்துருக்குது. சொல்லிட்டு கதவ வுட்டு நவுந்து நிக்கிறான். அவ்ளோதான். நவுந்து நின்னான். இவ உள்ள போனா."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சித்தி பஞ்சாயத்தைச் சொன்னாள், அதில் அண்ணன் எழுந்து பேசியதைச் சொன்னாள், அந்தப் பெண் தையல் மிஷின் வாங்கிப் பிழைத்ததையும் சொன்னாள். நடுவில் ஒரு சண்டையும் ஒரு பாட்டும்கூட வைத்தாள். இளவட்டங்கள் விசிலடித்தார்கள். ஊர் அமைதியாகக் கலைந்து வீட்டுக்குப் போனது.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். மரத்தடி வரை குழாய் கேட்டிருக்கிறது. சாப்பாடு போட்டபோது அம்மா தரையைப் பார்த்தபடி சொன்னாள், "ஒங்க பேச்ச கவருமெண்டு கேக்கலன்னு மரத்த வெட்டிப் போட்டீங்க. இவ பேச்ச நாம கேட்டமா?" அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

காலையில் சித்தி முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் போய் நின்றார்.

"அந்தப் படத்துல அண்ணங்காரன் நெசமாவே வழி வுட்டானா?"

"தெரியல மாமா. பொட்டி வர்லியே."

அப்பா வேப்பங்குச்சியை மென்றுகொண்டு கொஞ்சநேரம் மலையைப் பார்த்தார். பிறகு கேட்டார். "நெசமா அடிச்சானா ஒன்ன?"

"ஆமா மாமா."

"எதால அடிச்சான்?"

"மோட்டார் பெல்ட்டால."

சாயங்காலம் மறுபடி கேட்டார். மறுநாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது கேட்டார். எங்கே, எப்போது, யார் இருந்தார்கள் என்று மாற்றி மாற்றிக் கேட்டார். அவளைத் துருவுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தால், ஒரு பிடிவாதக்கார மனிதர் தன்னைத் தானே நகர்த்திக்கொண்டிருந்தார் என்று புரிகிறது.

மரங்களை இழுத்து ஓரம் போட்டார்கள். பஸ் ஓடியது. சித்தப்பா ஆட்களோடு வந்தார். கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. "பொண்ணுக்குக் கற்பன ஜாஸ்தி, நாங்க பொறுத்துக்கறோம்," என்றார் சித்தப்பா, அதே சிரிப்போடு. அப்பா எழுந்தார்.

"எம் மச்சினிச்சி கத சொல்றவதான். ஊருக்கே தெரியும். ஒரு கதைய ரெண்டு தடவ சொன்னா ரெண்டாந் தடவ வேற மாதிரி சொல்லுவா. அதான் அவ புத்தி. ஆனா இத நான் எத்தினியோ தடவ கேட்டுட்டேங்க. ஒரு வார்த்த மாறல. அப்ப இது கத இல்ல. பொண்ண அனுப்பறதா இல்ல."

சொல்லிவிட்டு உட்காராமல் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். பல வருடம் அந்தப் பக்கத்து உறவுகள் எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு வரவில்லை. அப்பா அதைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை.

இரண்டாவது பொட்டியும் ஒருவழியாக வந்தது. கொட்டாய்க்காரர் எல்லோருக்கும் மிச்சப் படத்தைச் சும்மாவே போட்டார். அதில் அண்ணன் கதவைச் சாத்திவிடுகிறான். கதாநாயகி ரோடு ரோடாக அலைந்து, கடைசியில் நோயில் விழுந்த புருஷன் காலைத் தொட்டுக் கும்பிட்டுச் சுபம். "கதைய மாத்திட்டானுங்கடா!" என்று ஒரே கலாட்டா. சினிமாவே பார்க்காத எங்கள் அப்பா அன்றைக்கு வந்திருந்தார். வீட்டுக்கு வருகிற வழியில், "படம் எடுத்தவனுக்குப் புத்தி பத்தல," என்றார். சித்தி சிரித்ததை வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

கற்பனை எதற்கு என்று என்னை யாராவது கேட்டால் எனக்குப் பெரிய பதில் தெரியாது. நான் இன்று ஏதோ எழுதுகிறேன் என்றால், நான் சொன்ன உளறலை "அப்பறம்?" என்று கேட்ட ஒருத்தி இருந்தாள். இல்லாத ஒரு அண்ணனை அவள் உண்டாக்கிக் காட்டினாள். அதைக் கேட்ட ஒரு மனிதர் அவன் மாதிரி ஆகிப்பார்த்தார். இரண்டு பேருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். சித்தி பார்க்காத படத்தை அவள் பார்த்ததாகச் சொன்ன காலனி அக்காவுக்கும்தான். அவரை நாங்கள் கடைசிவரை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைக்கவில்லை. இன்று அது உறுத்துகிறது.

சித்தியை எட்டாவது படித்த சான்றிதழோடு அப்பாவே ஆபீஸ் ஆபீஸாகக் கூட்டிப்போனார். மலைமேல், கரியாலூரைத் தாண்டி ஒரு ஊரில் பால்வாடி டீச்சர் வேலை கிடைத்தது. மலைக்கெல்லாம் தனியாக எப்படி என்று பலர் தடுத்தார்கள். அவள் பஸ் ஏறிவிட்டாள்.

எனக்குக் கல்யாணமான பிறகு ஒரு தடவை அங்கே போயிருந்தேன். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து மாவுருண்டை தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண், தங்கள் வீட்டுக்குள் ஒரு கரடி வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது பானையெல்லாம் உடைக்குமாம். அம்மாவைத் தள்ளிவிடுமாம். இவள் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாளாம். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

"இது நெதமும் இப்பிடித்தான் டீச்சர், கரடி வுடும்," என்றாள் சமைக்கிற பெண்.

சித்தி சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பறம்? கரடி கிட்டத்துல வந்தா இன்னா வாசன அடிக்கும்?"

பிள்ளை கொஞ்சம் யோசித்தது. உருண்டையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"சாராய வாசன டீச்சர்."

சித்தி எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பை மாட்டினாள். "மிச்சப் புள்ளைங்களுக்கு நீ எதனா சொல்லிக்கினு இரு," என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் கையை நீட்டினாள்.

"வா. ஒங்க வூட்ட எனக்குக் காட்டு."